பயறுக்குக் காற்று பிடித்தவர்

விருந்துக்குப் போன வீட்டில் செடியைப் பிடுங்கிப் பார்த்த மனிதர் என் அனுபவத்தில் ஒருவர்தான்.

அந்தமானில், போர்ட் பிளேரின் மரைன் ஹில்லில் எங்கள் பெரிய அதிகாரியின் பங்களா. எழுபதுகளின் தொடக்கம். அதிகாரியின் மனைவி தோட்டத்தில் பீன்ஸ் போட்டிருந்தார். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வந்த யூரியாவில் பெரும்பகுதி அந்தப் பாத்தியில்தான் இறங்கியிருக்க வேண்டும். வேளாண்மை அலுவலகத்து ஊழியர்களான நாங்கள் கையில் சமோசாவோடு வரிசையாக நின்று "ஆகா" என்றோம். எங்களோடு வேலை பார்த்த அண்ணாச்சி மட்டும் குனிந்தார். ஒரு செடியை வேரோடு உருவினார். மண்ணை உதறினார். வேரில் கடுகுபோல ஒட்டியிருந்த நாலைந்து முடிச்சுகளில் ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் பிளந்தார்.

"உள்ள வெள்ளையா இருக்கு மேடம். சும்மா நிக்குது" என்றார்.

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. இந்தியில் சொல்ல ஓர் ஆள் இருந்ததுதான் கெடுதல். அந்த ஆள் நான். இந்தியில் இரண்டு பரீட்சை பாஸ் செய்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு. "அந்தர் குச் நஹீ, மேம்சாப்" என்று சுருக்கிச் சொன்னேன். உள்ளே ஒன்றுமில்லை. மேடம் அதைச் செடிக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுவாரம் அண்ணாச்சி களப்பணியிலிருந்து பழைய கோப்புகள் அடுக்கியிருந்த அறைக்கு மாற்றப்பட்டார். என் தட்டச்சு இயந்திரமும் அந்த அறையில்தான் இருந்தது.

அவருக்கு அப்போது நாற்பதுக்கு மேல் இருக்கும். கோவில்பட்டிப் பக்கம். எனக்கு இருபத்துநாலு. நான் கேட்காமலே ஒருநாள் விளக்கினார்.

"மத்த பயிரெல்லாம் தழைச்சத்துக்கு, அதான் நைட்ரஜனுக்கு, மண்ண நம்பி இருக்கு வே. பயறு வகை மட்டும் காத்துல இருந்து எடுக்கும். அதுவா எடுக்காது. வேர் முடிச்சுக்குள்ள குடியிருக்க கிருமி எடுத்துக் குடுக்கும். செடி பதிலுக்குச் சர்க்கரை குடுக்கணும். கொடுக்கல் வாங்கல் ஒழுங்கா நடந்தா முடிச்சு உள்ள ரத்தம் மாதிரி செவந்து இருக்கும்."

"யூரியா போட்டா?"

"வாசல்ல சோறு வந்து விழுந்தா எவன் சமையலுக்கு ஆள் வெச்சுக்குவான்? கிருமிக்குக் கஞ்சி ஊத்துறத நிறுத்திப்புடும். மேல பாத்தா பச்சைப் பசேல்னு இருக்கும். கீழ வெள்ளை."

செழிப்பைக் கண்டால் அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும். அது செடியோடு நிற்கவில்லை என்பதுதான் எங்களுக்கு இருந்த சங்கடம். அலுவலகத்தில் யாராவது யாரையாவது புகழ்ந்தால், "உள்ள செவப்பா இருக்கா?" என்று கேட்பார். கேலியாக இல்லை. பதில் தெரிய வேண்டும் என்று கேட்பார். ஒரு பொங்கல் விழாவில் நான் மேடையேறிச் சிரிப்புப் பேச்சு பேசினேன். கூட்டம் உருண்டது. இறங்கி வந்ததும் எல்லோரும் முதுகில் தட்டினார்கள். அண்ணாச்சி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் சிரிச்சாவ. உமக்குச் சிரிப்பு வந்துதா வே?"

நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருந்தால் அல்லவா பேசுவதற்கு.

மெயின்லாண்டுக் கப்பலில் அவருக்குப் பழைய வேளாண்மைப் பத்திரிகைகள் கட்டாக வரும். அதில் ஒன்றில், எங்கோ ஒரு தீவில், மலை உச்சியில் உட்கார்ந்து சிலர் வருடக்கணக்காகக் காற்றை அளந்துகொண்டிருக்கிறார்கள் என்றும், அதில் கரியமில வாயு வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது என்றும் படித்தார். அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

"அது செடிக்குச் சோறு வே. கூடினா இலை கொழுக்கும். எல்லாவனும் கை தட்டுவான்."

"நல்லதுதானே அண்ணாச்சி?"

"சோறு மட்டும்தான கூடுது? தழைச்சத்து கூடலையே. நெல்லும் கோதுமையும் அதுக்கு எங்க போகும்? வெறும் மாவாப் போயிரும். வயிறு ரொம்பும், உடம்பு ரொம்பாது. பயறு தப்பிச்சுக்கும்னு எனக்குத் தோணுது. கூடக் கிடைக்குற சர்க்கரைய அது வேருக்கு அனுப்பினா, கிருமி கூட வேலை செய்யும். ஆனா அனுப்புமா? இல்ல, மேலேயே வெச்சுத் தின்னு கொழுக்குமா? அதுதான் தெரியல."

அவர் எங்கள் அலுவலகத்தைப் பற்றித்தான் பேசுகிறாரோ என்று கதவைப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. செய்தித்தாளில் இதையே பெரிய மனிதர்கள் எழுதுகிறார்கள். காற்றில் கரியமில வாயு ஏற ஏற விளைச்சல் கூடும், தானியத்தில் சத்து குறையும். பயறு வகைகள் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனால் மண்ணில் சரியான கிருமியும் மணிச்சத்தும், அதாவது பாஸ்பரஸும், இருந்தால்தான் என்று. காப்பியை ஆறவிட்டுப் படிக்கிறேன். போர்ட் பிளேரில் இதை யாரிடம் அப்போது சொல்வது? எங்களுக்கு அன்றைய கவலை அடுத்த கப்பலில் வெங்காயம் வருமா என்பது.

தெரியவில்லை என்றால் அவரால் சும்மா இருக்க முடியாது. மின்னி பே குடியிருப்பில் அவருடைய குவார்ட்டர்ஸின் பின்பக்கம் இரண்டு கூண்டுகள் முளைத்தன. மரச்சட்டம் அடித்து, நாலு பக்கமும் பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஆள் உட்காரும் உயரம். ஒவ்வொன்றிலும் நாலு மண்ணெண்ணெய்த் தகரங்களில் தட்டாம்பயறு. எல்லாவற்றுக்கும் மணிச்சத்துக்காக மீன்முள் இடித்த தூள். ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு தகரத்துக்கு மட்டும் ஊரிலிருந்து பால்மாவு டப்பாவில் கொண்டுவந்திருந்த கரிசல் மண் ஒரு சிட்டிகை. அதில்தான் கிருமி இருக்கிறதாம். நான் அதை முதலில் திருநீறு என்று நினைத்து நெற்றியில் இட்டுக்கொள்ளப் போனேன்.

ஒரு கூண்டுக்கு வெறும் காற்று. இன்னொன்றுக்குக் கரியமில வாயு கூடிய காற்று. அதை எங்கே போய் வாங்குவது? அண்ணாச்சி மூன்று பானையில் வெல்லத் தண்ணீர் கரைத்து, ரொட்டிக்கடை ஈஸ்ட்டைப் போட்டு, வாயைச் சேறு பூசி அடைத்தார். புளிக்கப் புளிக்க வாயு வரும். பப்பாளி இலைக் காம்பு உள்ளே குழலாக இருக்கும் அல்லவா, அவற்றை ஒன்றோடொன்று செருகி, பானையிலிருந்து கூண்டுக்குக் குழாய் இழுத்துவிட்டார். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தெளியவைத்த நீரில் அந்தக் காம்பை வைத்துக் காட்டினார். கொப்புளம் வர வர நீர் பாலாக வெளுத்தது.

"பாத்தீரா? கேஸ் வருது" என்றார். பேரன் பிறந்த மாதிரி ஒரு முகம்.

அவர் மனைவிக்கு, எனக்கு மதினிக்கு, அந்த முகமே ஆகவில்லை. வெல்லம் கப்பலில் வரவேண்டிய பொருள்.

"கேட்டியளா தம்பி, எனக்குக் காப்பிக்கு வெல்லம் இல்ல. பயத்தஞ்செடிக்கு மூணு பானை. நானும் வாசல்ல வேர் விட்டு நின்னா இவிய கவனிப்பாவளோ என்னமோ."

"பிடுங்கியில்லா பாப்பேன்" என்றார் அண்ணாச்சி.

"இருபது வருசமா அதத்தான பண்ணுதிய."

இதெல்லாம் விளையாட்டுக்கு இல்லை. மெயின்லாண்டில் பயறு ஆராய்ச்சியில் பெரிய ஆள் ஒருவர், விதைத்த எழுபதாம் நாள் வாக்கில் தீவுக்கு வருவதாக இருந்தது. அண்ணாச்சி அவருக்கு எழுதியிருந்தார். விதையில் எவ்வளவு சத்து என்று அளக்கும் வசதி எங்களிடம் இல்லை, அவருடைய லேபில் உண்டு. பதில் ஒரே வரி: விதையைக் கொண்டுவாருங்கள், பார்க்கிறேன். அந்தக் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. தட்டாம்பயறு பூத்துக் காய்த்து முற்ற அறுபத்தைந்து நாள். கணக்கு சரியாக இருந்தது. இருபது வருடத்தில் அவரிடம் யாரும் எதையும் கொண்டுவரச் சொன்னதில்லை. அந்த ஒரு பிடி விதைக்காக அவர் ஹாஜர் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் போய்ப் பானையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

முப்பதாம் நாளில் கரியமிலக் கூண்டுச் செடிகள் மற்றதைவிட ஒரு சாண் உயரம். நான் "ஆகா" என்றேன். அண்ணாச்சி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிடுங்கிப் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை வேறு எந்த மனிதரிடமும் நான் பார்த்ததில்லை.

இங்கேதான் என் பங்கு வருகிறது.

மரைன் ஹில் ஏறும் வழியில் ஒரு மலையாளத்து முஸ்லிம் பெரியவரின் டீக்கடை; காக்கா என்றுதான் கூப்பிடுவோம். சாயங்காலம் அங்கே துறைமுகத்து ஆள், வங்காளி குடியேறி, தெலுங்குக் கப்பல் கலாசி என்று எல்லோரும் கூடுவார்கள். எல்லோருக்கும் பொதுவான மொழி இந்தி. அதில் ஒருவரைச் சிரிக்கவைப்பது ஒரு சவால். ஒருநாள் பேச்சு தொய்ந்தபோது சொன்னேன்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பயத்தஞ்செடிக்குச் சாராயம் குடுத்து வளக்கறார். மூணு பானை. செடி தள்ளாடிக்கிட்டேதான் நிக்குது. சாயங்காலமானா கொழுகொம்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, 'நான் நெதானமாத்தான் இருக்கேன்'னு சொல்லுது."

கடை அதிர்ந்தது. காக்கா தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். "மோனே, ஒருக்கால்கூடி பற!" என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மறுநாளும் சொன்னேன். மூன்றாம் நாள் செடி பெண்டாட்டியிடம் அடி வாங்கியது. நாலாம் நாள் மின்னி பே என்று இடத்தையும் சேர்த்துக்கொண்டேன். இடம் சொன்னால் கதைக்கு நம்பகத்தன்மை வரும் என்று எங்கோ படித்திருந்தேன். பரந்த படிப்பால் வந்த வினை.

முப்பத்துநாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கலால் ஏட்டு ஒருவர் இரண்டு ஆட்களோடு அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். நான் மதினி கொடுத்த இட்லியைத் தின்றுகொண்டிருந்தேன். ஏட்டு ராமநாதபுரத்துக்காரர். தீவில் நெடுநாள் இருந்ததில் பாதி பேச்சு இந்தியாகிவிட்டது.

"அச்சா, இதுதான் அந்த மாலா, சரக்கா?" என்று பானையை முகர்ந்தார். "என்ன சார் பண்றீங்க இங்கன?"

"கேஸ் பிடிக்கேன்" என்றார் அண்ணாச்சி.

ஏட்டு நிமிர்ந்தார். "கேஸ் பிடிக்கிறது நாங்க. நீங்க எப்படிப் பிடிப்பீங்க?"

"உங்க கேஸ் இல்ல. இது பானையில இருந்து வர்ற கேஸ்."

"அதத்தானே நானும் சொல்றேன், பானையில இருந்து வர்ற கேஸு. ஒத்துக்கறீங்கள்ல?" ஏட்டு குறிப்பேட்டை எடுத்து உடன் வந்தவனிடம் நீட்டினார். "லிக்கோ பாய், எழுது. கேஸை ஒத்துக்கிட்டார்."

"எய்யா, காத்து! காத்து! செடிக்கு!"

"செடிக்குச் சாராயம் குடுக்கிறதா ஊரே பேசுது சார். டீக்கடையில நேர்ல பாத்தவன் ஒருத்தன் தினம் சொல்றானாம். எவன்னு தெரியல. அந்த ஆளு வந்து 'சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்'னு சொல்லட்டும், நான் பானையத் தொடாமத் திரும்பிப் போறேன். எனக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை இல்லையா?"

இட்லி என் வாயில் இருந்தது. அதை விழுங்க எவ்வளவு நேரமாகும்? நான் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். நான் இன்னும் நிரந்தரமாக்கப்படாத எல்.டி.சி. குமாஸ்தா. பொய்த் தகவல் கொடுத்த அரசு ஊழியன் என்று அவர் குறிப்பேட்டில் எழுதுவது கண்முன் தெரிந்தது. அண்ணாச்சி என் பக்கம் பார்க்கவில்லை. சுண்ணாம்புத் தெளிவை எடுத்துவந்து, "ஒரு நிமிசம் பாருங்க, எப்படி வெளுக்குதுன்னு" என்று ஏட்டிடம் நீட்டினார். அவசரத்தில் பாதி சிந்தியது. மதினி மட்டும் அடுப்படி வாசலில் நின்று என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோடோ" என்றார் ஏட்டு. உடையுங்கள்.

ஒரு பானையைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் உடைத்தார்கள். புளித்த வெல்லத் தண்ணீர் கூண்டுக்குள் பாய்ந்தது. சட்டம் சரிந்து அடுத்த கூண்டின் மேல் விழுந்தது. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஓர் ஆள் நசுங்கிய செடியை நிமிர்த்தி வைத்துவிட்டுக்கூடப் போனான்.

போனதும் அண்ணாச்சி சேற்றில் உட்கார்ந்து எட்டுத் தகரத்துச் செடிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வெறும் காற்றுக் கூண்டில், கரிசல் மண் போட்ட தகரங்களில் முடிச்சு சின்னதாக, சிவப்பாக இருந்தது. போடாததில் ஒன்றுமில்லை. கரியமிலக் கூண்டில், மண் போட்டதில் மிளகைவிடப் பெரிய முடிச்சுகள், நகம் பட்டதும் விரலே சிவந்தது. மண் போடாததும் அதே உயரம் வளர்ந்திருந்தது. அந்த வேர் மட்டும் நூல் கற்றை மாதிரி வெளேரென்று இருந்தது. இலையில் அதற்குள்ளேயே ஒரு மஞ்சள்.

"அனுப்பியிருக்கு வே" என்றார். "கீழ ஆள் இருந்தா அனுப்புது. ஆள் இல்லாத எடத்துல வெறும் உயரந்தான்."

"அப்போ ரிசல்ட் வந்துருச்சே அண்ணாச்சி! இத அந்தப் பெரியவர்கிட்ட..."

"பூக்கல. காய்க்கல. விதைக்குள்ள என்ன போச்சுன்னு தெரியாது. பாதியக் கொண்டுபோய் முழுசுன்னு காட்டச் சொல்லுதீரா?"

நோட்டை எடுத்தார். அதில் இடையூறு என்று ஒரு பத்தி வைத்திருந்தார். ஒன்பதாம் நாள், எலி. பதினேழாம் நாள், காற்றில் தாள் கிழிந்தது. முப்பத்துநாலு என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

"இதுக்கு என்னன்னு போடலாம்? நீர் நல்லா எழுதுவீரே."

"போலீஸ்னு போடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மேடத்தின் பீன்ஸ் வேரைப் பார்த்த பார்வை. பிறகு, நான் சொன்னதையே எழுதிக்கொண்டார்.

நான் கிளம்பும்போது மதினி வாசல்வரை வந்தாள். "கதை நல்லா சொல்லுவியளாமே தம்பி. இங்க வந்து ஒரு நாளும் சொன்னதில்லையே" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

எழுபதாம் நாள் கப்பல் வந்தது. பெரியவர் மூன்று நாள் தங்கினார். மரைன் ஹில் பங்களாவில் பீன்ஸ் பாத்தியின் முன்னால் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார். அண்ணாச்சி அவரைப் போய்ப் பார்த்தார், வெறுங்கையோடு. என்ன பேசினார்கள் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. விசாரணை முடியும்வரை தள்ளி வைக்கலாம் என்று அவரைத் தெற்கே நிக்கோபாரில் உள்ள கட்சால் தீவுக்கு மாற்றினார்கள். அங்கே அப்போதுதான் அரசாங்க ரப்பர் தோட்டம் வளர்ந்துகொண்டிருந்தது. சிலோனிலிருந்து திரும்பிய குடும்பங்களைக் குடிவைத்துக்கொண்டிருந்தார்கள். மாற்றல் உத்தரவை நான்தான் தட்டச்சு செய்தேன். ஒரு பிழைகூட இல்லை.

நாலு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. கட்சாலிலிருந்து. கார்டு என்பதால் எனக்கு முன்னால் இரண்டு தபாலாபீஸும் ஒரு கப்பலும் அதைப் படித்திருக்கும். யாருக்கும் அதில் ஒன்றும் விளங்கியிருக்காது.

'நலம். இங்கே ரப்பர் மரத்துக்கு அடியில் மண்ணை மூடிவைக்கும் மூடாக்காக ஒரு பயற்றுக்கொடி விட்டிருக்கிறார்கள். பிடுங்கிப் பார்த்தேன். நல்ல சிவப்பு. சிலோன்கார அம்மா ஒருத்திக்கும் இது தெரிந்திருக்கிறது. கூண்டு மறுபடி போட்டாயிற்று. இன்றோடு பதினோரு நாள். மதினி சுகம். தயவுசெய்து இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.'

பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் முதல் வரி வேடிக்கையாகவே வந்தது. கிழித்துப் போட்டேன்.